பாஸ்வேர்டு இல்லாத மாமன்

"இந்த மாமன் யாரு?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுமலதா நிமிரவில்லை. "எந்த மாமன்?"

"உன் போன்ல இருக்கிற மாமன்."

இப்போது நிமிர்ந்தாள். கணவர் அவளுடைய போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார். வைஃபை பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே, பூட்டுப் படம் இல்லாமல் ஒரு பெயர். எம், ஏ, எம், ஏ, என்.

"ஓ, அதுவா? பாஸ்வேர்டே கேக்காதுங்க. நான் அதுலதான் சீரியல் பாக்கறேன். யாரோ நல்ல மனுசன்."

சும்மா கொடுக்கும் நல்ல மனிதர்கள் மேல் கலியமூர்த்திக்கு நம்பிக்கை கிடையாது. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் அவர். காலிச் சாக்கு வெளியே போனாலும் உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்.

"நம்ம வீட்ல வைஃபையே கெடையாது. அப்ப இது எங்கேருந்து வருது?"

"எனக்கென்னா தெரியும்? நீங்க வேலைக்குப் போயிட்டா இருக்காது. நீங்க வீட்ல இருந்தாதான் வருது."

கலியமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் வர்றதப் பாத்து ஆன் பண்றான்! வேவு பாக்கறான் சுமா!"

சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். சாதாரணப் போன் இல்லை, பிரான்ஸ் போன். பக்கத்து வீட்டு மதாம் மரி லூயிஸுக்கு அவர் மகன் அங்கிருந்து புதுசு அனுப்பியதும், தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்த கலியமூர்த்திக்குப் பழசைத் தந்துவிட்டார். அன்றிலிருந்து பத்து நாளாக அதை உழவர்கரையில் அவர் காட்டாத ஆள் இல்லை. அந்தப் போனில் எவ்வளவு தேடியும் மாமனைக் காணோம்.

"பாத்தியா? பிரான்ஸ் போன்லயே தெரியல. எனக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னே வெச்சிருக்கான்."

"யாரு?"

"இந்த வீட்டுக்கு எத்தினி மாமன்? ஒரே மாமன். உன் தம்பி!"

சுமலதாவின் தம்பி செல்வகுமாருக்குக் கடைகளில் கேமரா மாட்டுவது தொழில். வருகிற வெள்ளிக்கிழமை கலியமூர்த்தியின் ஒரு வயது மகள் சுடர்விழிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி அவனுடையதுதான். ஆனால் போன வாரம் கலியமூர்த்தி அடுப்படியில் தனியாக நின்று, படைத்த பாயசத்தைச் சட்டியோடு காலி செய்த மறுநாள், "என்னா மாமா, பாயசம் எப்டி?" என்று அவன் போனில் கேட்டான். அந்தக் கேள்வி அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. இப்போது அதையும் மனைவி முன்னால் எடுத்துப் போட்டார்.

"அத நாந்தான் சொன்னேன். உங்க மீசையில முந்திரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சி," என்றாள் சுமலதா.

"தம்பிய நீ விட்டுக் குடுப்பியா?"

மனைவியின் போனைப் பிடித்துக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பினார். ஹாலில் சிக்னல் முழுசாக இருந்தது. படுக்கையறையிலும் முழுசு. குளியலறையில் முழுசு. தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார், அங்கேயும் ஒரு கோடு குறையவில்லை.

"எடம் பாக்கி இல்லாம வெச்சிருக்கான்!"

நேரே போய் மெயினை அணைத்தார். கிரைண்டர் பாதி மாவோடு நின்றது. மின்விசிறி நின்றதும் குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. மாமன் மட்டும் அசையவில்லை.

"கரண்ட் இல்லாம ஓடுது. அப்ப பேட்டரி!"

அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தில் போய் நின்றது. புதுமனை புகுவிழாவுக்கு மச்சான் தந்த பரிசு.

"என்னாங்க, அத மட்டும் தொடாதீங்க..."

அதற்குள் கடிகாரம் பாயில் பல துண்டுகளாகக் கிடந்தது. கேமரா ஒன்றும் இல்லை. திருப்பிப் பூட்டியபோது ஒரு முள் மிஞ்சியது.

பிரான்ஸ் போனை எடுத்து மச்சானையே கூப்பிட்டார். "டேய், கடியாரத்துல வெச்சத எங்கடா மாத்தி வெச்ச?"

செல்வகுமாருக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் மாறிவிட்டது. "எங்கக்கா வீட்டையே நான் வேவு பாக்கறேன்னு சொல்றீங்களா மாமா? அப்ப பாப்பாவுக்கு வேற மடி பாத்துக்குங்க."

சுமலதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பையில் துணி அடைக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற?"

"தம்பி வீட்டுக்கு. அவன் மடி வராத எடத்துக்கு எம் பொண்ணு காதும் வராது."

கலியமூர்த்தி கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்திரிகை கொடுத்தாயிற்று. காது குத்தும் பத்தருக்கும் சொல்லியாயிற்று. சொந்தபந்தம் எல்லாம் திரண்டு வந்து, மாமன் எங்கே என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது? ஆனால் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

அக்காவை அழைத்துப்போக செல்வகுமார் பைக்கில் வந்து இறங்கினான். வாசலிலேயே சண்டை பிடித்துக்கொண்டது. தெரு வேடிக்கை பார்த்தது.

"அந்த மாமன் நான்தான்னு காட்டுங்க, பாப்பா இருக்கிற பக்கமே நான் வரல. நான் இல்லன்னா நீங்க என்னா செய்வீங்க?"

"நீ இல்லன்னா," என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் கலியமூர்த்தி, "வெள்ளிக்கிழம எம் பொண்ணுக்கு முன்னால நான் உன் மடியில உக்காந்து காது குத்திக்கறேன்டா!"

அடுத்த நிமிடமே தெருவில் இறங்கி, மனைவியின் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வேப்பமரத்தடியில் முழுசு. திரும்பி வந்து மதாம் வீட்டு வாசலில் நின்றார். அங்கேயும் முழுசு.

"பாத்தியா! மதாம் வீட்லயும் வெச்சிருக்கான்!"

"தெரு பூரா வெக்கறதுக்கு அவனுக்கு வேற வேல இல்லையா?" என்றாள் சுமலதா.

சத்தம் கேட்டு ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்த மதாம் மரி லூயிஸ் கையை நீட்டிப் போனை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். பிறகு கலியமூர்த்தியின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"மாமனும் இல்ல மச்சானும் இல்ல மெசியே, இது மமாங், பிரெஞ்சுல அம்மான்னு அர்த்தம்! எம் புள்ள மொதல்ல எனக்கு அனுப்பின போன்லேருந்து வர்ற வைஃபைக்கு அவன் வெச்ச பேரு, எனக்குப் பாஸ்வேர்டு நெனவிருக்காதுன்னு தொறந்தே வெச்சான், அந்தப் போனச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நீங்க தெருத்தெருவா தேடறீங்க. சரி போவட்டும், பத்தருகிட்ட மொதல்ல எந்தக் காதக் காட்டப் போறீங்க?"