ஊருக்கே கேட்ட வீணை

சங்கரன்கோவில்,
20-10-1953

சௌபாக்கியவதி ஞானபூரணத்துக்கு அப்பா முத்துக்குமாரசாமியின் ஆசீர்வாதம். கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் அவள் வீணையும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேணும்.

நிற்க. நவராத்திரிக் கச்சேரி எப்படி என்று கேட்டிருந்தாய். போன வருஷம் அம்மா வாசித்தது மூன்றாவது வரிசையைத் தாண்டாமல் ஜனங்கள் எழுந்து போனதும், அன்றே அவள் வீணையைப் போர்வையில் சுற்றி வைத்ததும் உனக்குத் தெரியும். வருஷம் பூராவும் வீட்டில் சத்தமில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணங்களுக்கு மைக்செட் போடும் கடையநல்லூர் முகம்மது ஹுசைனிடம் போய் நின்றேன். "பேச்சுக்குத்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி, வீணைக்கு வச்சதில்ல. பாத்துக்கிடலாம்" என்றார். அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி மேடையேற்றினேன். மைக்கை முன்னால் வைத்தால் வளையல் சத்தம்தான் கேட்குது. சத்தத்தைக் கூட்டி வைத்தால் ஸ்பீக்கர் குழாய் ஊளையிடுது, தெரு நாயெல்லாம் பதில் சொல்லுது. கடைசியில் ஹுசைன் மைக்கைத் துண்டில் சுற்றி வீணைக் குடத்தோடேயே கட்டிட்டார். "என் வீணைக்குப் பல்வலியா தம்பி, கட்டுப் போடுதீக?"ன்னா உங்கம்மா. ஆனா தந்தியைத் தொட்டா பாரு, பஸ்ஸை விட்டு இறங்கினவன் மூட்டையோட அப்படியே நின்னுட்டான்!

ரெண்டாவது பாட்டு முடிஞ்சு, சுருதி சேர்த்துக்கிட்டே தலையைக் குனிஞ்சு முணுமுணுக்கா. மெள்ளத்தான் சொன்னா, குழாய்க்கு அது தெரியுமா? "இருபத்திரண்டு வருஷமா இவுக அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னுதான் கேக்காக. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. இப்பவும் தூணுக்குப் பின்னாலதான். முன்னால வந்து உக்காந்தா என்னவாம்?"

ஊரே திரும்பி என்னைப் பார்க்குது. ஓடிப்போயிரலாம்னுதான் கிளம்பினேன், கால் என்னமோ மேடைப் பக்கம் போச்சு. முதல் வரிசையில சம்மணம் போட்டு உக்காந்தேன். அவ நிமிர்ந்து பார்க்கல மக்கா, ஆனா அன்னைக்கு வாசிச்ச மாதிரி என்னைக்கும் வாசிச்சதில்ல. ஊதுபத்திப் புகை கண்ணுல பட்டுட்டுன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன். அங்கன ஊதுபத்தியே இல்ல.

இனி இந்த மைக் சங்காத்தமே வேண்டாம். தெரியாமல் பேசிவிட்டு அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள், பாவம். நீ எழுதும்போது இதைக் கேட்டுவிடாதே. மஞ்சளும் குங்குமமுமாய், மனசு நிறைந்து நூறு வருஷம் இரு.

அன்புள்ள அப்பா,
முத்துக்குமாரசாமி

பி.கு: ஒட்டுவதற்குள் உன் அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். சொல்லுதா: "தெரியாமப் பேசினேன்னு யாரு சொன்னா? மெள்ளப் பேசினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேக்குமான்னு அந்தத் தம்பிகிட்ட முதல்லயே கேட்டுக்கிட்டேன். வீட்டுல சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீகளாக்கும்?"