கொழுந்தோடு வாடிய விசைப்பலகை

ஹல்துமுல்லை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கை பாக்கியலெட்சுமிக்கு,

இங்கு நான் நலம். உன் நலம் கேட்கப் போன் எடுத்தால் உடனே துண்டிக்கிறாய். அந்தத் தெம்பு இருப்பதால் பதுளையில் நீயும் பிள்ளையும் நலமாகவே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஏன் கையால் எழுதுகிறேன் என்பது உனக்கே தெரியும்.

உன் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வரவிருந்த டீமேக்கர் பதவி என் விசைப்பலகையால் நின்றுபோனது என்று எல்லோரிடமும் சொல்கிறாயாம். வருந்துகிறேன். ஆனால் நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு வினாத்தாள் அடிக்க உட்கார்ந்தேன். ஓர் எழுத்தும் விழவில்லை. கணினியை நிறுத்திப் போட்டேன், மறுபடியும் நிறுத்திப் போட்டேன், விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டினேன், அதிலிருந்து பிஸ்கட் தூளும் ஓர் எறும்பும் விழுந்தன. வயரையும் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. தினமும் அதன் பக்கத்தில் வைத்துப் பிளேன்டீ குடிக்கிறேனே, சீனி இறங்கி உள்ளே ஒட்டியிருக்கும் என்று முடிவுசெய்து, பொத்தான்களைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, பலகையை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தேன். வெளியிலோ ஒரே பனிமூட்டம், எதுவும் காயவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீரைக்கட்டோடு உன் வீட்டுக்காரர் கணபதி வந்தார்.

"இந்தப் பனியில கைலேஞ்சித் துணிகூடக் காயாது மதினி. குடுங்க, தொழிற்சாலையில தேயிலைக் கொழுந்து வாடப்போடுற மாடியில கீழேருந்து காத்தடிக்கும். ஒரு ஓரமா போட்டு எடுத்தாறேன்."

யோசித்துப் பார்த்தேன். அறிவியல்படி அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. பொத்தான்களை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

மாடியில் அவர் ஒரு சாக்கை விரித்துப் பொத்தான்களைப் பரப்பியிருக்கிறார். யாரோ வந்து இவரை டீ குடிக்கக் கூப்பிட, இவர் போன இடைவெளியில் கொழுந்து மூட்டைகள் வந்து, வேலைக்கு நின்ற பெண்கள் அத்தனையையும் அதன் மேலேயே கொட்டிப் பரப்பிவிட்டார்கள். மனிதர் முழங்கால் போட்டுக் கிளறியெடுத்து, பனியில் நனைந்தபடி கொண்டுவந்து தந்தார். நான் எண்ணினேன். என்டர் பொத்தான் இல்லை.

"நல்லாப் பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன் மதினி. ஒருவேளை நீங்க எண்ணும்போது..."

"நான் எண்ணித்தான் கொடுத்தேன்."

உடனே தொழிற்சாலைக்குத் திரும்பினார். நேரே தோட்டத்துத் துரையிடம் போய், அரைபடப்போகும் கொழுந்தில் பிளாஸ்டிக் கிடக்கிறது என்று தானாகவே சொல்லியிருக்கிறார். துரை அந்தத் தேயிலையைத் தனியாக ஒதுக்கிவைத்து, "தொழிற்சாலையா, உன் வீட்டு அடுப்படியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். யாருடைய சாமான் என்றதற்கு இவர், "என்னோடதுதான் தொரை" என்றாராம். என் பெயரை எடுக்கவேயில்லை. இப்போது வேலை முடிந்ததும் அந்தத் தேயிலையைச் சல்லடையில் அரித்துத் தேடுகிறாராம்.

நீ கல்யாணம் செய்தபோது, சொந்தமாக யோசிக்கத் தெரியாத மனுஷன் என்று அவரைப் பற்றிச் சொன்னேன். அதையும் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும் பாக்கியம், மேலே விரித்த சாக்குக்கு ஓர் ஆளைக் காவல் வைத்திருக்கலாம் அல்லவா? குற்றத்தில் பாதிக்கு மேல் என்னால் ஏற்க முடியாது. கடைசி மூட்டையையும் கவனமாக அரிக்கும்படி அவரிடம் சொல்.

பிள்ளையின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். உனக்குக் கோபம் தணிந்த நாளில் ஒரு மிஸ்ட்கோலாவது கொடு.

இப்படிக்கு,
அக்கா விஜயலெட்சுமி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பண்டாரவளையிலிருந்து கணினிக் கடை ஸமீம் வந்தார்; மற்றப் பொத்தான்களைத் திரும்ப மாட்டியும் எழுத்து விழாததால் நான்தான் வரச்சொல்லியிருந்தேன். மேசைக்கு அடியில் குனிந்தவர், "டீச்சர், நீங்க பார்த்தது மவுஸ் வயர். கீபோர்ட் வயர் கழண்டு கிடக்கு, துடைப்பம் தட்டியிருக்கு" என்றார். மாட்டினார், வேலை செய்தது. எழும்பும்போது அவர் கையில் என்டர் பொத்தானும் இருந்தது.

நாளைக் காலை அதைக் கொண்டுபோய்த் துரையிடம் நானே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தேடுவதை நிறுத்தும்படி உன் வீட்டுக்காரரிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் போனில் சொல்லிப் பார்த்துவிட்டேன். "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க மதினி. நீங்க எண்ணிக் குடுத்தா அது சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.