ஐந்து கட்டைக்குக் கீழே

தீராத குறை ஒன்று வெகுநாள் கூடவே இருந்துவிட்டால், அதைக் குணம் என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். மனிதர்களிடம் இதைப் பிற்பாடு பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது ஒரு பழைய ரேடியோவிடம். அதற்குக் குணம் கற்பித்தவள் நானே.

ஐம்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரிக்கு அருகே அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா அங்கே ஸ்டோர் கிளார்க். தகரக் கூரைக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறைகள். பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்த நான், பெங்களூரில் பௌதிகம் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா, மத்தூரில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் மிகுந்த மரியாதையுடன் சொல்லிக்கொண்டிருந்ததால் எதுவும் நகரவில்லை.

அந்த இடைவேளையில்தான் மின்சாரக் கிட்டார் செய்தேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த வானொலிக் கையேடு ஒன்றில் அதன் படம் இருந்தது. மடியில் கிடத்தி, கம்பிகளின்மேல் ஓர் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் வகை. இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகையை முகாம் தச்சர் இழைத்துக் கொடுத்தார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்க ஒரு காந்தமும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் வேண்டும். காந்தம் ஓர் உடைந்த தொலைபேசியிலிருந்து வந்தது. சுருளை அம்மாவின் தையல் மெஷினில், பாபினுக்கு நூல் சுற்றும் இடத்தில் வைத்துச் சுற்றினேன். (அதுக்கப்புறம் அம்மா எந்த ரவிக்கையைப் போடும்போதும், "ஏண்டி, இது ஷாக் அடிக்காதில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள்.)

ஒலியைப் பெருக்க, அதிகாரிகள் கிளப்பில் கழித்துப்போட்ட வால்வு ரேடியோ அகப்பட்டது. கிராமபோனை இணைப்பதற்காக அதன் முதுகில் இருந்த துளைகளில் என் கிட்டாரைச் செருகினேன். கிட்டார் பேசியது. கூடவே "ம்ம்ம்" என்று ஒரு முனகலும் விடாமல் வந்தது. உள்ளே மின்சாரத்தை வடிகட்டும் கண்டென்சர் பழுது என்றது கையேடு. புதியது பெங்களூரிலிருந்து வர வேண்டும்.

"பொட்டி மொணங்கறத நிறுத்தத் தெரியல, பௌதிகம் படிக்கணுமாம்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

நிறுத்த முடியாததை நான் உறவாக்கிக்கொண்டேன். முனகல் எந்தச் சுருதியில் வந்ததோ, அந்தச் சுருதிக்கே கம்பிகளை முறுக்கினேன். அந்தக் கணத்திலிருந்து அது தம்பூராவாகிவிட்டது.

பெரிய எஞ்சினியரின் மனைவி கமலாம்மாள் நன்றாகப் பாடுவார். ஆயுத பூஜையன்று பட்டறையில் கலைமகள் துதி பாடுவது அவர்தான். அவருடைய சுருதி ஐந்து கட்டை. என் பெட்டியின் முனகலும் ஏறக்குறைய அதுவே. இதைக் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை, உலகம் எனக்காகவே நிர்மாணிக்கப்பட்டது என்று நம்பினேன்.

"சுருதிப் பெட்டி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார் கமலாம்மாள்.

"வேண்டாங்கம்மா. இதுவே சுருதி."

அவர் சற்று நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப பூஜையில நீயே வாசி. உங்கப்பா கேக்கட்டும். காலேஜ் விஷயத்த அப்புறம் நான் பேசிக்கறேன்."

ஒத்திகை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். வார நாட்களின் பகலில் டீசல் ஜெனரேட்டரின் மின்சாரம் பட்டறைக்கு மட்டுமே. பட்டறை ஓய்ந்த பிறகே குடியிருப்புக்கு வரும். ஆகவே, இயந்திரங்கள் ஓடும்போது என் பெட்டி எப்படி முனகும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. (கேக்கணும்னு தோணவும் இல்ல.)

பூஜையன்று இயந்திரங்கள் எல்லாம் சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக ஓய்ந்திருந்தன. கற்பூரம் காட்டியதும் கமலாம்மாள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். பட்டறை பெரியது என்பதால், சத்தம் கூட்டும் திருகை முழுதும் திருப்பியிருந்தேன். பல்லவிக்கு அப்பாவின் தலை அசைந்தது. நான் மனத்துக்குள் பெங்களூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

கற்பூரம் அணைந்ததும் ஒவ்வோர் இயந்திரத்தையும் சிறிது ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஜெனரேட்டர் ஓட்டும் நாராயணப்பா பாட்டு முடியக் காத்திருக்கவில்லை. எலுமிச்சம்பழம் வைத்து லேத் மெஷினைப் போட்டார். பாரம் ஏறியதும் ஜெனரேட்டரின் வேகம் குறைந்தது; வேகம் குறைந்ததும் முனகல் இறங்கியது. கமலாம்மாள், பழுதற்ற செவி உடையவராதலால், கூடவே இறங்கினார்.

என் கம்பிகள் மட்டும் மேலேயே நின்றன. இரும்புத் துண்டை நகர்த்தி அவரைத் துரத்தினேன். எட்டிப் பிடித்த நேரத்தில் துளை போடும் மெஷின் ஓடியது. அவர் மேலும் இறங்கினார். அடுத்தது தண்ணீர் மோட்டார். நான் கம்பியின் கடைசி வரை போய்விட்டேன். அதற்குக் கீழே கிட்டார் இல்லை. அனுபல்லவியில் கலைமகளை அழைத்துக்கொண்டிருந்தது ஏறத்தாழ ஓர் ஆண் குரல்.

"இன்னா பாப்பா," என்றார் நாராயணப்பா, "அம்மா படி படியா எறங்கறாங்க. கெணறு எதுனா வெட்டி வச்சிருக்கியா?"

காரணம் அப்போது எனக்குத் தெரியாது. லேத்துக்கும் பாட்டுக்கும் ஏதோ பகை என்பது மட்டும் விளங்கியது. "மெஷின நிறுத்துங்கண்ணா" என்று கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார். முனகல் எகிறியது. யாரோ இடுப்பில் கயிறு கட்டித் தூக்கியதுபோல் கமலாம்மாளின் குரலும் மேலே போய், அங்கே நின்றது. அவர் கண்ணைத் திறந்தார். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. என் பெட்டி மட்டும் சுத்தமான ஐந்து கட்டையில் முனகிக்கொண்டிருந்தது.

அப்பா எழுந்து கைகூப்பினார். "மனசுல வச்சுக்காதீங்கம்மா. தை மாசமே மத்தூர்ல கட்டிக் குடுத்துடறேன்."

"மத்தூர்க்காரங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணாங்க?" என்றார் கமலாம்மாள். "காலேஜுக்கு அனுப்புங்க. நான் ஏன் எறங்கினேன்னு படிச்சுட்டு வந்து இவளே சொல்லட்டும். அதுவரைக்கும் நான் பாடறதா இல்ல."

பெரிய எஞ்சினியர் வீட்டுப் பாட்டு தன்னால் நின்றது என்ற பெயரை அப்பாவால் தாங்க முடியாது. அடுத்த ஜூனில் பெங்களூர் போனேன். முதல் விடுமுறையில் ஜெனரேட்டர், வேகம், சுருதி எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினேன். கமலாம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தப்பு என் காதுல இல்ல?"

"இல்லங்கம்மா. காது சரியா இருந்ததாலதான் எறங்கினீங்க."

அந்த ஆண்டு அவர் பாடினார். சுருதிப் பெட்டியுடன். என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள்.

புதிய கண்டென்சர் போட்டதும் என் ரேடியோ மௌனமானது. அன்று கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, எதற்குச் சுருதி சேர்ப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு புடவையைப் பச்சை என்றேன். வீட்டில் எல்லோரும் நீலம் என்றார்கள். "கொஞ்சம் நீலமாத்தான் இருக்கு" என்றேன்.

"அம்மாவுக்கு யாரோ லேத்தப் போட்டுட்டாங்க" என்றாள், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த மகள்.

புடவையை எடுத்துப்போய் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். "பச்சைதான்" என்றேன்.

"நிறுத்திட்டாங்க" என்றாள்.