கட்டில் காலில் நின்ற கார்

கட்டிலின் நாலு காலையும் அறுத்துத் தரக் கேட்டார் பொன்னுதுரை. சிஹாபுதீன் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அது எம் பொண்டாட்டி ரஹீமா வீட்டுச் சீருண்ணே."

"அதனாலதான் கேக்குறேன் பாய். நல்ல தேக்கு. அச்சுக்கும் வில்லுக்கும் நடுவுல குடுத்தா கார் ஒரு முழம் ஒசந்துரும். சேத்துல வயிறு தட்டாது."

பொன்னுதுரை பஸ் டிரைவர். ஜப்பான்காரன் பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து அவர் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. மலாக்கா காஜா பெராங்கில் ஓடிய கார்களையெல்லாம் பிடுங்கியவர்கள், சிஹாபுதீனின் துணிக்கடைக்குப் பின்னால் ஓடாமல் நின்ற பழைய காரை மட்டும் ஓர் உதை உதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை ஓடவைக்கிற வேலைதான் இப்போது நடந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் பலகாரம் விற்கும் கோகிலா. மலாக்கா செட்டிப் பெண். பெயர்தான் நம் பெயர், பேச்செல்லாம் மலாய். தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் பாதி சாமி பெயர். ஆயர் குரோவுக்குப் பலகாரம் விற்கப் போனவள், பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்த ரஹீமாவைப் பார்த்துவிட்டு வந்து கடை வாசலில் நின்றாள்.

"பினி கமு பெசான்," என்றாள். உன் பெண்டாட்டி சொல்லியனுப்பினாள் என்று அர்த்தம். "கெரேத்தா பாவா. தாக் பாவா, தாக் மாவ்."

கெரேத்தா என்றால் கார். கார் கொண்டு வா. கொண்டு வராவிட்டால் வேண்டாம். மலாய்க்குழந்தைக்கும் புரியும்.

வேண்டாம் என்றால் எது வேண்டாம்? வரவேண்டாமா, புருஷனே வேண்டாமா? போகும்போது மாட்டுவண்டியில் குலுங்கிய குலுக்கலில் அவள் முறைத்த முறைப்பு சிஹாபுதீனுக்கு இன்னும் மறக்கவில்லை. ஆறு வருஷம் ஏங்கி வயிற்றில் தங்கிய பிள்ளை. காரில்லாமல் போய் நின்றால் பிள்ளையும் அவளும் ஆயர் குரோவிலேயே தங்கிவிடுவார்கள் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

அதனால் கட்டில் கால்கள் போயின.

ரோட்டுப் பாலத்தை வெள்ளைக்காரன் ஓடும்போது உடைத்துவிட்டான். புக்கிட் காத்தில் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்துதான் போகவேண்டும். டயருக்குள் டியூப் இல்லை, கடையிலும் இல்லை. லாலாங் புல்லை அறுத்து வந்து திணித்தார்கள். கார் நகர்ந்தது. நகர்ந்தபோது உள்ளே இருந்தவர்களின் பல் கடகடத்தது.

"மெத்தை இருந்தா நல்லாருக்கும்," என்றார் பொன்னுதுரை. "காலில்லாத கட்டில்ல மெத்தை எதுக்கு?"

மெத்தையும் போயிற்று.

பெட்ரோலுக்கு வழியில்லை. கரி எரித்து அந்தப் புகையில் ஓடவைக்கலாம் என்று ஒரு பீப்பாயைப் பின்னால் கட்டினார். பீப்பாய் கனத்தில் காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. மூக்கை இறக்க முன்னால் கனம் வேண்டும்.

"அம்மிக்கல் இருக்கா பாய்?"

"இருக்கு. ஆனா வீட்டுல இனி அது மட்டுந்தான் இருக்கு."

வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காருக்குக் குடிபெயர்ந்தது. ஒரு காசு செலவில்லை என்று பொன்னுதுரை பெருமைப்பட்டுக்கொண்டார்.

புறப்பட்ட அன்றே, முதல் காவல் சாவடியில் சிக்கல். ஜப்பான் சிப்பாயைப் பார்த்தால் இறங்கிக் குனிந்து வணங்கவேண்டும். கட்டில் கால் உயரத்திலிருந்து சிஹாபுதீன் இறங்கவில்லை, விழுந்தார். அதற்குள் கரி அணைந்து இஞ்சின் நின்றது. ஊதிப் பற்றவைக்க அரைப் பொழுது போயிற்று.

"இப்படி எறங்கி எறங்கிப் போனா புள்ள பொறந்து சுன்னத்தே முடிஞ்சிரும்," என்று கூரையை அறுத்து எடுத்தார் பொன்னுதுரை. "உள்ளேயே நின்னு குனிஞ்சிருங்க."

அடுத்த சாவடியில் அப்படியே குனிந்தார்கள். சிப்பாயின் தலைக்கு மேலே நின்று வணங்கினால் அது வணக்கமில்லையாம். கீழே இறக்கி ஆளுக்கு ஓர் அறை கொடுத்தான். காரைச் சுற்றி வந்து பார்த்தான். இதைப் பிடுங்கினால் தள்ளுகிற வேலை தன் தலையில்தான் விழும் என்று நினைத்தானோ என்னவோ, போகச் சொல்லிவிட்டான்.

தோட்டத்துக்குள் மழை பிடித்தது. கூரையில்லை. மெத்தை ஊறியது, கரி ஊறியது. கடைசி ஒரு கல் தூரத்துக்கு ஒரு மலாய்க்காரரின் எருமையைக் கட்டி இழுத்தார்கள். எருமை மட்டும் சேற்றில் சிரமமில்லாமல் நடந்தது.

மாமியார் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது சிஹாபுதீன் கன்னம் வீங்கி, உடம்பெல்லாம் சேறாகி இருந்தார். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரஹீமா வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அம்மிக்கல்லைப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்துத் தன் கட்டில் கால்களை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்ன மச்சான் இது?"

"நீ சொல்லிவிட்டபடியே கொண்டாந்துட்டேன் புள்ளே. மாட்டுவண்டி இல்ல. ஏறு, போவோம்."

உள்ளேயிருந்து அடுப்பில் புளி கொதிக்கிற வாசனையோடு மாமியார் ரோஷன் பீவி கரண்டியும் கையுமாக வந்து, மருமகனின் இரண்டு வெறுங்கைகளையும் பார்த்தார்.

"கெரேத்தாவை யாரு கேட்டா மாப்பிள்ளே? கோகிலாகிட்ட அவ சொல்லிவிட்டது, உங்க கொல்லையில கெடக்குற கீரத்தண்டு."