பேக்கிங் ரூமில் ஆவி கட்டுகிறார்கள்

உடுமலைப்பேட்டை மச்சான் ராஜவேல் அவர்களின் சமூகத்துக்கு, மண்ணரையிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழைதான் இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே தோப்பும் நீங்களும் செழிப்பாக இருக்க ஆண்டவன் அருளட்டும். போனில் பேசினால் மகள் காதில் விழும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன்.

விஷயம் நம் தேஜஸ்ரீயைப் பற்றியது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு நம் பனியன் கம்பெனி ஆபீஸைப் பார்த்துக்கொள்ள வந்த பெண், ஞாயிறு மத்தியானமானால் செக்கிங் ஜெபக்குமாரையும் டெய்லர் ஆஷாவையும் கூட்டிக்கொண்டு பேக்கிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள், ஓவர்டைம் என்று நினைத்தேன், மிஷின் சத்தமே இல்லை, சோழி உருட்டுகிற சத்தம்தான் கேட்டது, கதவில் காதை வைத்தேன், மச்சான், ரத்தம் உறைந்துவிட்டது. "ஆத்து ஆவியக் கட்டியாச்சு. இனி அந்தப் பெரியவரயும் கட்டிட்டா வேல முடிஞ்சுது" என்கிறான் தூத்துக்குடிக்கார ஜெபக்குமார், காலையில் சர்ச்சில் ஜெபம் பண்ணிவிட்டு வந்த அதே வாயால். "அவரு பேரு தெரியாம கட்ட முடியாதுங்க" என்கிறாள் என் மகள். இந்தக் கம்பெனியில் என்னைத் தவிர பெரியவர் யார்? ஜெபக்குமாருக்கு நான் வெறும் ஓனர்தான், பெயர் தெரியாது. மகள் சொல்லாமல் வைத்திருக்கிறாள், அந்த மட்டுக்கும் பாசம் இருக்கிறது. அன்று சாயங்காலமே வீட்டு கேட்டிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி அரிசி மூட்டைக்குள் ஒளித்துவிட்டேன். மகள் கையால் காபி வாங்குவதில்லை. "உங்களக் கொசு கடிச்சாலும் செய்வினைதானுங்க" என்று பழனாயி சிரிக்கிறாள், உங்கள் தங்கையையும் பாதி கட்டிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. நீங்கள் பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்ன ஆவது? உடனே உங்கள் ஊர் மந்திரவாதியைக் கூட்டிக்கொண்டு வரவும்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். யாராவது என் பெயரை விசாரித்தால் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் போட முடியாத நிலையில் உள்ள உங்கள் தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: இன்றும் ஞாயிறு, கவரை ஒட்டும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று விபூதியோடு பேக்கிங் ரூமுக்குள் பாய்ந்தேன். சோழி இல்லை, பல முகம் வைத்த பகடை. "அப்பா, இது கதை சொல்லி வெளையாடறதுங்க. இதுல நாங்க ஷாமன், ஆவிககூடப் பேசற பூசாரி மாதிரிங்க. ஷாமனுக்குன்னு சொந்த சக்தி கெடையாது. ஆவி கேக்கறதக் குடுத்தாத்தான் அது நம்ம கூட வரும்" என்றாள். பெரியவர் என்பது கதையில் வரும் மலை ஆவியாம். நான் நம்பவில்லை, வேவு பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆவிகளுக்கெல்லாம் தேஜஸ்ரீதான் குரல் கொடுக்கிறாள். "என்னையக் கட்டோணும்னா, நாஞ் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசக் கூடாதுங்க" என்றது மலை. சரி என்றேன். "யாரோ கை காட்டற பக்கம் நான் நகர மாட்டனுங்க. எனக்கு இந்த எடந்தான் புடிச்சிருக்குது. கம்பெனிய நானே நடத்தறனுங்க" என்றது. மலைக்கு எதற்குக் கம்பெனி என்று கேட்க வாய் துறுதுறுத்தது. வாக்குக் கொடுத்தாயிற்றே, அடக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

ஆகையால் மந்திரவாதி வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரையும் வர வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் மச்சான், அந்த ஜெபக்குமார் உள்ளங்கையை மூடிக்கொண்டு பகடை போடுகிறான், அவனுக்கு மட்டும் எப்போதும் பெரிய எண்ணாகவே விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து அவன் கையையே பார்த்துக்கொண்டு உட்காரவும்.