கொரியனை மறக்கப் பன்னிரண்டு நாள்

"கொரியா இல்லம்மா. ஹங்கேரி," என்றான் டென்சில்.

இந்து பெங்களூர் ரயிலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஃபோனைக் காதில் அழுத்தினாள். இன்னொரு காலை வைக்க இடமில்லை. கே.ஜி.எஃப். தங்க வயலில் இருக்கும் சாம்பியன் ரீப்ஸிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். நடுவில், யாரோ வாங்கிய வாஷிங் மெஷினுக்காக ஃபோனில் திட்டு வாங்கும் வேலை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்ததற்குக் கிடைத்த மரியாதை இது. இதிலிருந்து தப்பிக்கத்தான் எட்டு மாதமாகக் கொரியன் படித்தாள். படிக்கச் சொன்னவனே ராபர்ட்சன்பேட்டையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் இந்த டென்சில்தான்.

"அண்ணே, நான் படிச்சது கொரியன்."

"தெரியும்மா. குவாலிட்டி செக்கிங் வேல. கொரியன் தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்னு கேக்குறாங்க."

"ஹங்கேரிக்கு எதுக்குண்ணே கொரியன்?"

"நானும் அதான் யோசிச்சேன். நெட்டுல பாத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி பாஷயாம்! கொரியன் வந்தா ஹங்கேரியன சட்டுனு புடிச்சிக்குவாங்கன்னு கேக்குறாங்க. பன்னெண்டு நாள்ல இன்டர்வியூ. அதுக்குள்ள கத்துக்கோ."

"கம்பெனி பேரு இன்னா?"

"பேரச் சொன்னா நீ நேரா போயிடுவ. அப்புறம் நான் எதுக்கு?"

வீட்டில் அப்பா காத்தவராயன் அசரவில்லை. சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவர்.

"எங்க கேங்ல நாலு பாஷ ஓடும். தெலுங்கு வந்தவனுக்குக் கன்னடம் வராதா? வார்த்தைய மாத்திப் போட்டா முடிஞ்சிச்சி. பன்னெண்டு நாள் இருக்குல்ல?"

வீட்டின் முதல் பட்டதாரிக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நினைப்பார்கள். பட்டம் கொடுத்த கல்லூரிக்கே அந்த நினைப்பு கிடையாது.

இந்து பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். இந்தப் பக்கம் கொரியன், அந்தப் பக்கம் ஹங்கேரியன். டென்சில் சொன்னது முழுப் பொய் இல்லை. இரண்டிலும் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். இரண்டின் இலக்கணத்திலும் ஆண் பெண் பாகுபாடு இல்லை; இதைப் படித்ததும் இரண்டு நாட்டின் மேலும் அவளுக்கு மரியாதை வந்தது. இரண்டிலும் ஒரு சொல்லின் வாலில் இன்னொன்றை ஒட்டி, அதன் வாலில் மற்றொன்றை ஒட்டி, கூட்ஸ் வண்டி மாதிரி நீட்டிக்கொண்டே போகலாம்.

"அப்பாவுக்கு இன்னா சொல்றான்?" என்றார் காத்தவராயன்.

"கொரியன்ல அப்பா. ஹங்கேரியன்ல அபா."

அவர் தொடையில் தட்டினார். "அப்பா சரியா இருந்தா மிச்சமெல்லாம் தானா வந்துடும்!"

அம்மா கங்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு?"

"கொரியன்ல ஒம்மா. ஹங்கேரியன்ல ஆன்யா."

"ஆன்யாவா? அவர அப்பிடியே வச்சிக்கினு என்னை மட்டும் எதுக்குடி மாத்துனாங்க?"

அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

நான்காம் நாள்தான் தொல்லை தெரிந்தது. இரண்டு பாஷையும் வேறு மாதிரி இருந்திருந்தால் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கலாம். எலும்பு ஒரே மாதிரி இருந்ததால் சதை மாறி மாறி ஒட்டிக்கொண்டது. ஹங்கேரியனில் ஆரம்பிக்கும் வாக்கியம் கொரியனில் போய் இறங்கியது. காத்தவராயன் காலையில் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு இன்டர்வியூ நடத்தினார்.

"வேல செய்ய இஷ்டமா?"

"நே!" என்றாள் இந்து.

"அது கொரியன் 'ஆமா'. இங்க எழுதியிருக்கியே, ஹங்கேரியன்ல 'நெம்'னா 'இல்ல'ன்னு. நீ 'நே'ன்னு நிறுத்துனா, வேலயே வேணாங்குறான்னு எழுந்து பூடுவான்."

"சரிப்பா, கொரியன மறந்துடுறேன்."

எட்டு மாதத்துப் புத்தகங்கள், நோட்டுகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டு லவினாவிடம் கொடுத்தாள். லவினா கொரியன் சீரியல் பைத்தியம். வாங்கிய நிமிடத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்து மறக்க நினைத்த பாடங்கள் அத்தனையும், ஒன்றாம் பாடத்திலிருந்து, சுவர் வழியாகத் திரும்பி வந்தன.

"ஏய் லவினா! மனசுக்குள்ள படிடீ!"

"வாய்விட்டுப் படிச்சாத்தான் மனசுல நிக்கும்னு நீதானக்கா மொத பக்கத்துல எழுதி வச்சிருக்க?"

இந்து காதில் பஞ்சு அடைத்துக்கொண்டாள். மறுநாள் ரயிலில் பஞ்சோடு, கண்ணை மூடி ஹங்கேரியன் மனப்பாடம் செய்துகொண்டே போனதில் இறங்க வேண்டிய கிருஷ்ணராஜபுரம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. ஆபீசுக்கு இரண்டு மணி நேரம் லேட். டீம் லீடர் கிரண் ஏதோ கேட்டான். பஞ்சை எடுக்க மறந்திருந்தாள். மேலதிகாரி பேசினால் சிரித்துத் தலையாட்டுவதுதான் அங்கே பழக்கம், ஆட்டினாள். அவன் கேட்டது, 'வேலைய விட்டுட்டுப் போறியா?' என்பது.

இப்போது கையில் இருந்த வேலையும் இல்லை. இன்டர்வியூ மட்டும்தான் மிச்சம்.

"போனா போவுது உடு," என்றார் காத்தவராயன். "ஆனா ஒண்ணு. வாய் மறந்தாலும் உன் முதுகு மறக்கலியே. நன்றி சொல்றப்பல்லாம் குனியுற."

உண்மைதான். கொரியனில் எட்டு மாதம் வணங்கிப் பழகிய இடுப்பு, பால்காரருக்குக்கூடக் குனிந்தது. காத்தவராயன் நீளமான மர ஸ்கேல் ஒன்றை அவள் முதுகில் வைத்து, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினார். மூன்று நாள் இந்து கொடிமரம் மாதிரி நடந்தாள். கீழே விழுந்த ஸ்பூனை எடுக்க அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆன்யாவ எதுக்குக் கூப்புடுற? உங்க அபாவக் கூப்புடு," என்றாள் கங்கம்மா.

பன்னிரண்டாம் நாள். இஸ்திரி மேஜை மேல் லேப்டாப். முதுகில் ஸ்கேல். கதவுக்குக் காத்தவராயன் காவல். லவினாவின் வாய்க்கு முறுக்குக் கொடுத்து அடைத்தாகிவிட்டது. திரையில் கம்பெனியின் எச்.ஆர். அமலா வந்தாள்.

"ஹாய் இந்து, கே.ஜி.எஃப்.பா? நானும் தமிழ்தான். பேனல்ல மூணு பேர் லைன்ல இருக்காங்க, நெட் சரியில்லாததால கேமரா ஆஃப். அவங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அவங்க பாஷைலயே பேசிடுங்க, ஓகேவா?"

இந்து ஹங்கேரியனில் வணக்கம் சொன்னாள். "யோ நாபோட் கீவானோக்!"

பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், படிப்பு சொன்னாள். ஒரு கொரியன் எழுத்துகூடத் தலைகாட்டவில்லை. காத்தவராயன் கட்டை விரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். யாரோ கிசுகிசுத்தார்கள். அசந்துவிட்டார்கள் என்று நினைத்து இந்து இன்னும் வேகமாக, சோதனைக்கூடம், தராசு, தூய்மை என்று அடுக்கினாள். மனப்பாடம் செய்திருந்த இருபது வரியில் பத்தொன்பது முடிந்தது. இன்னும் ஒரே ஒரு வரி. 'கோஸோனோம்'. நன்றி.

"கம்சாஹம்னிதா!" என்று கொரியனில் கத்தினாள். இடுப்பு அதுபாட்டுக்கு மடிந்தது. முதுகில் ஸ்கேல் படக்கென்று முறிந்தது.

கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சுடா," என்று கதவோரம் உட்கார்ந்தார் காத்தவராயன்.

இனி இழக்க ஒன்றும் இல்லை என்றதும் இந்துவுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் வந்தது கொரியன்தான். மன்னிக்க வேண்டும், எட்டு மாதம் இதைத்தான் படித்தேன், பன்னிரண்டு நாளாக விரட்டுகிறேன், போக மாட்டேன் என்கிறது, வேலையும் போய்விட்டது, முதுகு வலிக்கிறது, ஆனாலும் எனக்கு வேலை நன்றாகத் தெரியும், கெமிஸ்ட்ரியில் கேளுங்கள் என்று மடமடவென்று கொட்டித் தீர்த்தாள்.

திரைக்குப் பின்னால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கைதட்டினார்கள். அமலா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாடா! ஃபேக்டரிதாங்க ஹங்கேரில, அத நடத்துற இவங்க மூணு பேரும் கொரியாக்காரங்க, கொரியன் தெரியும்னுதானே உங்களக் கூப்பிட்டோம். இவ்ளோ நேரம் நீங்க பேசினது எந்த ஊரு பாஷைங்க?"