யானைக்கொட்டிலின் பிள்ளைகள்

கரும்பாறை நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைத்தான் திட்டுவார்கள். அங்கே முன்பு நாற்பத்தேழு அலுவலகங்கள் இருந்தன, நாற்பத்தேழும் நாற்பத்தேழு விதமாகத் தூங்கின. பத்திரம் பதியும் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்; வைத்தியசாலையில் செருப்பில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மக்கள் எப்படியோ பழகிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

மாமன்னர் ஏகவடிவரின் கண்ணை இது உறுத்தியது. “ஒரே விதியை நாற்பத்தேழு தடவை எழுதிக்கொண்டிருக்கிறோமே, நமக்கு வேறு வேலை இல்லையா?” என்று சபையில் கேட்டார். உண்மையில் வேறு வேலை இல்லை. ஆனால் அதை யாரும் சொல்லவில்லை.

தலைமை மந்திரி வடிவநம்பி எழுந்தார். “மன்னவா, ஒரே ஒரு தாய் அலுவலகம் போதும். விதிகளை அங்கே ஒரு தடவை எழுதுவோம். மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள். தாயிடம் உள்ளதெல்லாம் பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேரும். தாயைத் திருத்தினால் நாடு முழுவதும் திருந்திவிடும்.”

மன்னர் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

எதைத் தாயாக வைப்பது என்று ஆய்வு நடந்தது. நாட்டிலேயே ஒழுங்காக வேலை நடந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: அரண்மனை யானைக்கொட்டில். யானை வந்ததும் குளிப்பாட்டுவார்கள், வலது முன்காலில் சங்கிலி போடுவார்கள், தந்தத்தை அளப்பார்கள், கவளம் கொடுப்பார்கள். ஒருநாளும் தவறியதில்லை. சோறு தாமதமானால் யானை சுவரை இடித்துவிடும் என்பதால்தான் தவறவில்லை. இந்தக் காரணத்தை மட்டும் யாரும் படியெடுக்கவில்லை.

சபையில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “யானைக்கு வேண்டிய விதி பத்திரப் பதிவுக்கு எதற்கு?”

“வேண்டாதது இருந்தால் அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே, யாரையும் கடிக்கவா போகிறது?” என்றார் மந்திரி. சபை கைதட்டியது.

இப்படியாக நாற்பத்தேழு அலுவலகங்களும் யானைக்கொட்டிலின் பிள்ளைகள் ஆயின. தாய்ச் சட்டத்தின் கடைசி விதி மட்டும் சற்று மாறுபட்டது. ‘வந்தவரின் வேலையை முடித்துக் கொடுத்தல்: இதை அந்தந்தப் பிள்ளை அலுவலகமே எழுதிக்கொள்ளும்’ என்று அதில் இருந்தது. தாய் எழுதியதில் கைவைத்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, எல்லாப் பிள்ளைகளும் அந்த வரியை அப்படியே விட்டுவைத்தன.

மடைக்குறிச்சி ஏரியில் மடை திறந்து மூடும் வேலை குருவம்மாளுடையது. அந்த ஆவணியில் அவள் மதகுக்குள் இறங்கிப் பார்த்தபோது, தண்ணீரைத் தடுத்து நிற்கும் பலகையில் அவள் விரல் உள்ளே போயிற்று. அடைமழைக்கு இன்னும் நாற்பது நாள். ஏரி நிரம்பி அந்தப் பலகை விட்டுப்போனால் கீழே இருக்கும் எண்பது வீடும் போய்விடும். நான்கு முழப் பலகை ஒன்று கிடைத்தால் போதும். அவள் நீர்நிலை அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கே முதலில் அவளைக் குளிப்பாட்டினார்கள். பிறகு சங்கிலி. மனிதருக்கு வலது முன்கால் எது என்று ஏற்கெனவே மூன்று நாள் ஆலோசித்து, வலது கை என்று முடிவாகியிருந்தது. கையைக் கட்டியபின் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இடது கையால் போட்டாள். இடது கைக் கையெழுத்து செல்லாது என்றார்கள்.

“தந்தத்தின் நீளம்?” என்று கேட்டார் எழுத்தர் ஒப்பிலான். கெட்டவர் அல்ல. தாளில் இருப்பதைக் கேட்பவர், அவ்வளவுதான்.

“எனக்கு ஏது சாமி தந்தம்?”

“இல்லையா? அப்படியானால் அறுத்தது யார்?”

“யாரும் அறுக்கல. பொறக்கும்போதே இல்ல.”

“அதற்குச் சாட்சி?”

தந்தத் திருட்டு விசாரணை ஒன்பது நாள் நடந்தது. தினமும் கவளம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. தின்று முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

வேண்டாத விதியைப் பிள்ளை அலுவலகம் விலக்கிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கத்தான் செய்தது. விலக்கு அலுவலகத்தில் போய் அனுமதி வாங்க வேண்டும். விலக்கு அலுவலகமும் யானைக்கொட்டிலின் பிள்ளைதான். அனுமதி கேட்கப் போன அதிகாரிகளைக் குளிப்பாட்டிச் சங்கிலி போட்டு வைத்தார்கள். ஒருமுறை போனவர் மறுமுறை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவாகப் பன்னிரண்டு உதவியாளர்களை மன்னர் நியமித்திருந்தார். ஆளுக்கு ஒரே ஒரு வேலை. ஒருவர் தேதி போடுவார், ஒருவர் தாளை மடிப்பார், ஒருவர் மடித்த தாளைப் பிரிப்பார். அவர்களில் முக்கியமானவர் மனுச் சுத்திகரிப்பாளர். மன்னரின் மனதுக்குத் தீங்கு தரும் சொற்களை மனுவிலிருந்து பொறுக்கி எடுத்துவிடுவது அவர் வேலை.

‘பலகை உளுத்துவிட்டது. மழை வந்தால் ஊர் அழிந்துவிடும். புதுப் பலகை வேண்டும்’ என்று குருவம்மாள் எழுதச் சொல்லியிருந்தாள். உளுத்தது, அழிவது இரண்டும் தீய சொற்கள். வேண்டும் என்பது பேராசை. அவற்றை எடுத்தபின் மனு இப்படி மேலே போயிற்று: ‘பலகை. மழை வந்தால் ஊர். புதுப் பலகை.’

மந்திரி படித்துவிட்டு, “மகிழ்ச்சியான ஊராக இருக்கிறது” என்று ஓரத்தில் குறித்துவைத்தார்.

விசாரணை முடிந்து வெளியே வந்த குருவம்மாள் நேரே ஊருக்கு நடந்தாள். தச்சர் நல்லக்கண்ணு ஆசாரியிடம் சொன்னாள். அவர் தன் கொல்லைப் பூவரசை வெட்டி, இரண்டே நாளில் பலகை இழைத்துக் கொடுத்தார். இருவரும் மதகில் இறங்கிப் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். ஊரே நிம்மதியாக மூச்சுவிட்டது.

நான்காம் நாள் நீர்நிலை அலுவலக மேற்பார்வையாளர் ஒருவர் ஆட்களோடு வந்தார்.

“இந்தப் பலகை எந்த அலுவலகத்தின் வழி வந்தது?”

“ஆசாரி கொல்லையில இருந்து வந்துச்சுங்க.”

“தாய் இல்லாத பலகையா?” அவருக்கு வியர்த்துவிட்டது. “அம்மா, இது நாளைக்கு என்ன செய்யும் என்று யாரால் சொல்ல முடியும்?”

“தண்ணிய நிறுத்துமுங்க. வேற என்ன செய்யும்?”

பூவரசம் பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். பழைய பலகை சட்டத்துக்கு முந்தியது என்பதால் அதற்குச் செல்லுபடி உண்டு. அதைத் தேடி எடுத்து, துடைத்து, மதகில் திரும்பவும் பொருத்தி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். மழைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

இதற்குள் சந்தைகளில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. நாம் யானைகள் இல்லையே என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள். சேதி மன்னர் காதுக்கு எட்டியது. அவர் கோபப்படவில்லை. மக்களாட்சியில் அவருக்கு இருந்த பற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். “தங்கள் தாய் அலுவலகத்தை மக்களே தேர்ந்தெடுக்கட்டும்! தேர்தல்!” என்று அறிவித்தார்.

போட்டியில் இரண்டு நின்றன. ஒன்று குதிரை லாயம், மற்றொன்று மாட்டுத் தொழுவம்.

மடைக்குறிச்சியில் மந்திரி நடத்திய கூட்டத்தில் குருவம்மாள் எழுந்து நின்றாள். “சாமி, மனுசங்களுக்குன்னு ஒண்ணு நிக்கலையா?”

வடிவநம்பி அவளைப் பரிவோடு பார்த்தார். “அருமையான யோசனை அம்மா. ஆனால் அதற்கு முன்மாதிரி இல்லை.”

“சரி, யாரு வந்தாலும் எங்க பலகைய மாத்துவீங்களா?”

“அது கடைசி விதி. அதைப் பிள்ளை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.”

பிறகு நாடு தேர்தலில் இறங்கியது. ‘சங்கிலி ஒழிக, ஓட்டமே உயர்வு’ என்றது லாயக் கட்சி. ‘சங்கிலி ஒழிக, கயிறே நம் பண்பாடு’ என்றது தொழுவக் கட்சி. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நிச்சயித்த கல்யாணங்கள் முறிந்தன. நல்லக்கண்ணு ஆசாரி தொழுவத்தின் வட்டச் செயலாளர் ஆகிவிட்டார். லாயத்துக்கு ஓட்டுப் போடப் போவதாகச் சொன்ன குருவம்மாளுக்கு அவர் ஒரு ஆணிகூடக் கொடுக்க மறுத்தார். “நீயும் உன் மதகும்! முதல்ல நாட்டைப் பாரு” என்றார். அவள் சாக்கில் மண்ணை அள்ளி, தனியாக மதகில் அடுக்கினாள். முத்திரை மறைகிறது என்று அதையும் எடுக்கச் சொன்னார்கள்.

குதிரை வென்றது. அலுவலகச் சங்கிலிகளைக் கழற்றிவந்து தெருத்தெருவாகக் குவித்தார்கள். வலது கையை உயர்த்திப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் அழுதார்கள். குருவம்மாளும் அழுதாள். மழைக்கு ஐந்து நாள்தான் இருந்தது, ஆனால் இனிமேல் கேட்பதற்கு ஆள் உண்டு என்று நம்பினாள்.

மறுநாள் விடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடினாள். எல்லாம் மாறியிருந்தது. குளிப்பாட்டவில்லை, தந்தம் கேட்கவில்லை. முதுகை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டார்கள். ஒப்பிலான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, “வாங்கம்மா, கொஞ்சம் வாயைத் திறங்க” என்றார். திறந்தாள். கடிவாளத்தை மாட்டி, வாரை இறுக்கினார்.

“இப்போது சொல்லுங்கள். என்ன குறை?”

அவள் மேற்கே கறுத்திருந்த வானத்தைக் காட்டினாள். இரண்டு கைகளையும் விரித்து நான்கு முழம் காட்டினாள். தொண்டையிலிருந்து என்னென்னவோ சத்தம் வந்தது. ஒப்பிலான் பொறுமையாகக் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார்.

“அப்படியென்றால் குறை ஒன்றும் இல்லையா?”

அவள் மறுத்துத் தலையைப் பலமாக ஆட்டினாள். தலையை ஆட்டினால் சம்மதம் என்று லாய விதியில் தெளிவாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மந்திரி அறிக்கை வாசித்தார். நாட்டின் வரலாற்றிலேயே முதல் தடவையாக எந்த ஊரிலிருந்தும் ஒரு குறைகூட வரவில்லை. மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் அவர் கவனமானவர். பட்டியலில் ஓர் இடத்தில் விரலை வைத்து, “மடைக்குறிச்சியிலிருந்து தாளே வரவில்லையே?” என்று கேட்டார்.

“அங்கே இப்போது தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது மன்னவா. அது குறை ஒன்றும் சொல்லவில்லை.”